லேட் பெரட்டின் பேஸ் கிட்டார் அக்காவுக்கு

அன்புள்ள ஜெசி அக்கா,

எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் இருந்தபோது அனுப்பிய மெசேஜ்களுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துக்கொண்டவள் நான். இப்போது உங்களால் படிக்க முடியாத நேரத்தில் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் மற்றவர்களும் படிக்கிற மாதிரி. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பவளைப் பதில் சொல்ல வைக்கிற அதே சுகந்திதான். நம்ப மாட்டீர்கள், தெரியும்.

தனியாக எழுதி வைத்திருக்கலாம். ஆனால் நான் செய்த பிழை எல்லாருக்கும் முன்னால் நடந்தது. மன்னிப்பும் எல்லாருக்கும் முன்னால்தானே கேட்க வேண்டும்?

அன்று வெள்ளிக்கிழமை. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தூறல். ஹாலிஎல டவுனில் பஸ் நின்றபோது ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தேன். கம்பத்தில் ஒரு பெனர். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து. இடது பக்கம் உங்கள் முகம், தோளில் கிட்டார் பட்டி. மேலே பெரிதாக உங்கள் பெயர். ஞாயிறு, பி.ப. 3.00. அதற்குக் கீழே, நீங்கள் எல்லா போஸ்டரிலும் போடுகிற அதே வரி: "ஒருத்தரும் லேட்டா வராதீங்க, எல்லாரும் வாங்க!"

அதற்கும் கீழே இன்னொரு வரி இருந்தது. அன்னாசி விற்கிறவர் கட்டியிருந்த தார்ப்பாய் அதை மறைத்துவிட்டது.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? இரண்டு வருஷமாக உங்களுக்கு மேடை இல்லை. எங்கள் பேட்ச் பட்டம் வாங்கிக் கலைந்ததோடு உங்கள் லேட் பெரட்டு பேண்டும் கலைந்தது. இப்போது நீங்கள் தனியாகவே ஷோ செய்யப் போகிறீர்கள் என்று நினைத்தேன். பஸ் கிளம்புவதற்குள் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நான்கு வருஷம் கெம்பஸில் இருந்தபோதும் அதற்குப் பிறகும் அந்தக் குழுவில் ஒரு வார்த்தை எழுதாதவள், அன்றைக்கு எழுதினேன்: "நம்ம அக்கா திரும்ப மேடைக்கு வாறாங்க! ஞாயிறு மூணு மணி. விசில் மறக்காதீங்க!" கூடவே ஆடுகிற பொம்மை நான்கு.

மூன்று ஜூனியர்கள் உடனே இதயம் போட்டார்கள். "வாறோம் அக்கா" என்றார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் எழுதியதற்கு ஒருவர் பதில் போடுவது அதுதான் முதல் தடவை.

பிறகு ரமேஷ் அண்ணா எழுதினார். உங்கள் பேண்டில் பாடிய அதே ரமேஷ் அண்ணா. "சுகந்தி, அறிவிருக்கா ஒனக்கு? அது சாவு பெனர்."

நான் அதை மூன்று தடவை படித்தேன். முதலில் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன். "சவுண்ட்" என்று எழுத வந்து "சாவு" என்று விழுந்துவிட்டது என்று. சவுண்ட் பெனர் என்றால் என்ன என்றுகூட யோசித்தேன். மூளை எப்படியெல்லாம் தப்பித்து ஓடுகிறது பாருங்கள். அடுத்த செய்தி வந்தது. "நேத்து மத்தியானம். கடையிலயே."

பதுளை வந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து இரண்டு தடவை கூப்பிட்டார். நான் என் மடியிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதன் மூடி பச்சை. அந்தப் பச்சையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

போட்டதை அழிக்க வேண்டும் என்று அப்புறம்தான் தோன்றியது. அவசரத்தில் "எல்லோருக்கும் அழி" என்பதைத் தொடுவதற்குப் பதிலாக "எனக்கு மட்டும் அழி" என்பதைத் தொட்டுவிட்டேன். என் போனில் மறைந்துவிட்டது. மற்ற நூற்றுச் சொச்சம் போன்களில் நான் ஆடிக்கொண்டே இருந்தேன். அட்மின் யாராவது எடுத்துவிடலாம் என்று தேடினேன். அந்தக் குழுவுக்கு அட்மின் நீங்கள் ஒருவர்தான் அக்கா.

சனிக்கிழமை உங்கள் கடைக்குப் போனேன். கெம்பஸ் கேட்டுக்கு எதிரே அந்த போட்டோகொப்பி கடை பாதி திறந்திருந்தது. கசுன் அண்ணா மட்டும், மெஷினைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். உங்களோடு ஆறு வருஷம் ஒரே மேசையில் வேலை செய்தவர். தலைவலி என்று நீங்கள் மேசையில் தலை சாய்த்தீர்களாம். அவர் எதிர்க் கடைக்குப் போய் டீ வாங்கி வந்து எழுப்பினாராம். நீங்கள் எழும்பவில்லை.

"பெனர் நான் செஞ்சதுதான் நங்கி," என்றார். தங்கை என்பதைச் சிங்களத்தில் சொல்லித்தான் அவர் என்னைக் கூப்பிடுவார். "எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது தானே. வீட்ல இருந்து மெசேஜ்ல அனுப்பினது. அவசரம். ஜெசிட பழைய ஷோ ஃபைல் இருந்தது, அதுல பேர் போட்டது, டைம் மாத்தினது, கீழ அந்தச் சின்ன வரி, அடக்கம்னு போட்டது."

"அந்த 'லேட்டா வராதீங்க' வரி, அண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கிறிஸ்டியன் ஆள் பெனர்ல நடுவுல பைபிள் வசனம் வாறது தானே. அது வசனம்னு நினைச்சது நங்கி. அதான் அழிக்காம விட்டது."

எனக்குச் சிரிப்பு வந்தது அக்கா. அந்த நேரத்தில், அந்த இடத்தில். வாயைக் கையால் மூடிக்கொண்டேன். கசுன் அண்ணா அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். காலையில் யாரோ சொல்லி, அந்த வரிமேல் வெள்ளைத்தாள் ஒட்டிவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மழையில் அது ஊறி விழுந்துவிட்டது. உங்களைக் கொண்டுபோகும்போது அந்த மஞ்சள் எழுத்து எல்லாரையும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கடையில்தான் பதுளையின் எல்லா பேண்டும் பிறந்தது, இல்லையா? நோட்ஸ் கொப்பி எடுக்க வந்தவர்கள் உங்கள் மேசைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த கிட்டாரைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க வாசிப்பீங்களா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான், அடுத்த வாரம் ஒரு பேண்ட். கசுன் அண்ணாவின் குழு வாசிக்கும்போதெல்லாம் மழை வந்ததால் அதற்கு ரெயின்கோட் என்று பெயர். பரீட்சையில் ஒருநாளும் மேலதிகத் தாள் கேட்காத நான்கு பேர் சேர்ந்து எக்ஸ்ட்ரா ஷீட் என்று ஒன்று தொடங்கினார்கள்.

உங்கள் பேண்டுக்குப் பெயர் வந்த நாளில் நான் இருந்தேன். முதல் பயிற்சிக்கு ரமேஷ் அண்ணா ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். நீங்கள் கிட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்: "பெரட்டு முடிஞ்சிருச்சு. வீட்டுக்குப் போ." தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் பிந்தி வந்தவர்களைக் கங்காணி அப்படித்தானே திருப்பி அனுப்புவார்? கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளுக்குப் புரியவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். கெம்பஸில் நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து அது லேட் பெரட்டு.

நான் முதல் தடவை கடைக்கு வந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். "எந்தத் தோட்டம்?" என்றீர்கள். "பூனாகலைங்க" என்றேன். "'ங்க'வெல்லாம் என்னத்துக்கு? லயத்துப் பிள்ளைக்கு லயத்துப் பிள்ளை 'ங்க' போடக்கூடாது." நானும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவள்தான்; ஆனாலும் அந்த 'ங்க'வை என்னால் கடைசிவரை விட முடியவில்லை. அன்றைக்கு நீங்கள் எடுத்துத் தந்த கொப்பியில் என் நோட்ஸைவிட மூன்று பக்கம் கூடுதலாக இருந்தது. பரீட்சைக்கு முக்கியமான பக்கம், யாரோ மெஷினில் விட்டுப்போனதை எனக்கும் சேர்த்து எடுத்திருந்தீர்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்: நம்முடைய ஷோவெல்லாம் அந்தத் தகரக் கூரை ஹோலில் பட்டப்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். தோட்டங்களுக்குப் போகிற கடைசி பஸ்ஸுக்காக நாலரைக்கு முடிந்தாக வேண்டும். பாட்டின் நடுவில் யாராவது "பூனாகலை பஸ்!" என்று கத்தினால் நான் ஓடுவேன். நீங்கள் மேடையிலிருந்து தலையை மட்டும் ஆட்டி வழியனுப்புவீர்கள். "அக்கா, ஒரு பாட்டுப் பாடுங்க!" என்று பையன்கள் கேட்டால், "நான் பாடினா மாடு கயித்த அறுத்துக்கிட்டு ஓடும்டா" என்பீர்கள். பள்ளிக்கூடத்தில் யாரோ உங்களுக்கு ஆம்பளைக் குரல் என்று சொல்லிப் பாட்டுக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஒரு தடவை சொன்னீர்கள். அதனால்தான் நான்கு கம்பியைப் பிடித்துக்கொண்டேன் என்றீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

பிறகு நாங்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டோம். ஒருவர் கட்டாருக்கு, ஒருவர் கொழும்புக்கு. நீங்கள் கெம்பஸில் படித்தவர் இல்லையே. அடுத்த பேட்ச்சுக்கு நோட்ஸ் கொப்பி எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றீர்கள். எங்களில் யாராவது திரும்பி வந்து பார்த்தோமா அக்கா? நான் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்தேன். சான்றிதழ் கொப்பி எடுக்க.

ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலவுக்கு வந்தேன். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ரமேஷ் அண்ணா பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, "விசில் கொண்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்த மூன்று ஜூனியர்கள் வந்தார்கள். ரமேஷ் அண்ணாவின் பதிலை அவர்கள் பார்க்கவேயில்லை. லேட் பெரட்டின் மஞ்சள் டீஷர்ட். ஒரு பெண்பிள்ளையின் தோளில் டிரம். கேட்டில் சாவு வீட்டு வெள்ளைக் கொடியைப் பார்த்ததும் மூன்று பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த முகங்களை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எனக்குப் பஸ்ஸில் நடந்தது அவர்களுக்கு அந்தக் கேட்டில் நடந்தது. நடத்தியது நான்.

உங்கள் சொந்தக்காரர் ஒருவர் எழுந்தார். "என்னங்கடா இது? கல்யாண வீடுன்னு நெனச்சீங்களா?"

உங்கள் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்கள். "யாரு அந்தப் புள்ளைங்க?"

டிரம் வைத்திருந்த பிள்ளை அழுதுகொண்டே, "அக்காவோட ரசிகருங்கம்மா" என்றது.

"ரசிகரா? எம் மகளுக்கா?" அம்மா சுற்றிலும் பார்த்தார்கள். யாராவது சரி என்று சொல்லட்டும் என்கிற மாதிரி. "சினிமாக்காரங்களுக்கில்ல ரசிகருங்க இருப்பாங்க." பிறகு அந்தச் சொந்தக்காரரைப் பார்த்து, "வழி விடு தம்பி. மழையில நிக்குதுங்க. அந்த மேளம் நனையுது பாரு" என்றார்கள்.

கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் அந்தப் புள்ள அடிக்க மாட்டேங்குது?" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். அந்தப் பிள்ளை அடிக்கவில்லை. டிரம்மைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தது.

உங்கள் முப்பதாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு அம்மாவைத் தனியாகப் பார்க்கப் போனேன். நான் யாரென்று சொல்வதற்கே கால் மணித்தியாலம் ஆனது. அம்மா பிளேன் டீ ஊற்றி, நக்கிக்கொள்ள என் கையில் சீனியைக் கொட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தார்கள்.

"அந்த மஞ்சச் சட்டைப் புள்ளைங்க வந்தது என்னாலதாங்கம்மா. பெனர தப்பா விளங்கிக்கிட்டு எல்லாரையும் வரச் சொல்லிப் போட்டுட்டேங்க. மன்னிச்சிருங்க."

"நீயா கூப்பிட்ட?"

"ஆமாங்க."

"எத்தன பேரக் கூப்பிட்ட?"

"நூறு பேருக்கு மேலங்க."

"அப்ப ஏன் மூணு பேரு மட்டும் வந்தாங்க?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அக்கா? பஸ் இல்லை, லீவு இல்லை, மழை என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். இரண்டு மணிக்குத் தொடங்கிய ஷோக்களுக்கு அந்த ஹோலில் நிற்க இடமில்லாமல் நின்றவர்கள் நாங்கள்.

அம்மா என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார்கள். "ஒரு தடவகூட நான் வந்து பாக்கல பாப்பா. அந்த நேரம் மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்பேன். மேடையில அவ என்ன செய்வா?"

சொன்னேன். இடது பக்கம் ஓரமாக நிற்பீர்கள், கண்ணை மூடிக்கொள்வீர்கள், தாடை மட்டும் மெல்ல அசையும் என்று. எழுந்து நின்று செய்துகூடக் காட்டினேன். நான்! அம்மா என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாடுவாளா?"

"பாட மாட்டாங்கம்மா. கிட்டார் மட்டுந்தான்."

"எங் கையில இருக்கிற போன்ல அவ பேசினது ஒண்ணுகூட இல்ல. கோல் எடுப்பா, பேசுவா, வச்சிருவா. அது எதுலயும் தங்கலயே." பிறகு கேட்டார்கள்: "ஒங்கிட்ட இருக்கா பாப்பா? அவ கொரலு?"

"இல்லீங்கம்மா" என்றேன்.

அது பொய் அக்கா.

உங்களுக்குத் தெரியும், ஷோவுக்கெல்லாம் நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்தான் நிற்பேன். அங்கே நின்று, உடைந்த திரை போட்ட என் போனில் எல்லாவற்றையும் பதிந்தேன். லேட் பெரட்டு, ரெயின்கோட், எக்ஸ்ட்ரா ஷீட், எல்லாம். ரமேஷ் அண்ணா வருஷா வருஷம் ஸ்டூடியோவில் பதிவு செய்யலாம் என்பார். ஒரு பாட்டும் பதியவில்லை. பதுளையில் நாம் வாசித்ததெல்லாம் இன்றைக்கு என் போனில் மட்டும்தான் இருக்கிறது. அதை அவர்களுக்கெல்லாம் அனுப்பத் தொடங்கிவிட்டேன். ரமேஷ் அண்ணாவுக்கு அனுப்பியபோது மறுநாள் இப்படி எழுதினார்: "பழைய ஆட்களக் கூப்பிட்டு அவளுக்காக ஒரு தடவ வாசிப்போம். பேஸ் வாசிக்க வேற ஆள் போட மாட்டேன். அந்த இடம் காலியா இருக்கட்டும்."

ஒன்றை மட்டும் யாருக்கும் அனுப்பவில்லை.

எங்கள் கடைசி வருஷம், கரண்ட் போன நாள். எல்லாரும் ஜெனரேட்டர் தேடிப் போய்விட்டார்கள். ஹோலில் நீங்களும் நானும்தான். வெளியே தகரத்தில் மழை. நீங்கள் பெட்டிமேல் உட்கார்ந்து, கிட்டார் இல்லாமல், நீங்களாகக் கட்டிய ஒன்றைப் பாடினீர்கள்.

"எனக்காக வாழ்றேன்னு சொல்லாதம்மா,
அது எனக்கு ரொம்பப் பாரம்மா.
ஒரு நாளைக்கு ஒனக்காக
மத்தியானம் படுத்துத் தூங்கும்மா."

அந்தக் குரலை ஆம்பளைக் குரல் என்றவர்கள் எங்கே இருந்தாலும் என் முன்னால் வரட்டும். நனைந்த மண் மாதிரி கனமான குரல். நான் மூச்சு விடவில்லை. அப்போதுதான் என் போனின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டீர்கள்.

"ஏய், பதியிறியா? அழி. இப்பவே அழி."

"அழிச்சிட்டேங்க."

"எங்க அம்மா காதுல மட்டும் இது விழக்கூடாது, கேட்டியா? தான் எனக்குப் பாரம்னு நெனச்சு அழுது தீத்துரும் அது."

நான் அழிக்கவில்லை. உங்களிடம் அழித்துவிட்டேன் என்றேன். அம்மாவிடம் இல்லை என்றேன். யாருக்கு நல்லது செய்வதாக நினைத்து இந்த இரண்டையும் சொன்னேன் என்று இப்போது எனக்கே தெரியவில்லை. "பாரம்மா" என்ற வரியை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அம்மாவுக்குக் கொடுக்கலாமா என்றும் பார்த்தேன். வெட்டிக் கேட்டேன். அதில் நீங்கள் இல்லை. வேறு யாரோ அம்மாவுக்கு இனிப்பாகப் பாடுகிற மாதிரி இருந்தது. வெட்டியதை எறிந்துவிட்டேன்.

அம்மா அழுவார்கள். நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் இப்போதும் அழுதுகொண்டுதானே இருக்கிறார்கள்? ஒரு குரலும் இல்லாமல் அழுவதைவிட, உங்கள் குரலைக் கேட்டு, உங்கள்மேல் கோபப்பட்டு அழுவது மேல் இல்லையா? இது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. நீங்கள் இருந்தால் என்னைத் திட்டுவீர்களோ என்னவோ.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஹாலிஎலவுக்குப் போகிறேன். "இல்லை" என்று சொன்னது பொய் என்று அம்மாவிடம் முதலில் சொல்லப் போகிறேன். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. யாரோ இதைப் படித்துவிட்டு அவர்களிடம் போய்ச் சொல்வதாக ஆகக்கூடாது. அதனால் போய் வந்த பிறகுதான் இந்தக் கடிதத்தை வெளியே கொடுப்பேன். அம்மா கேட்கும்போது போனை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட மாட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அம்மா சம்மதிக்காமல் வேறு ஒருவருக்கும் அந்தக் குரலைக் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

இத்தனை பக்கமும் இதைக் கேட்கத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். அன்றைக்கு ஹோலில் "அழி" என்று சொன்னீர்களே, அந்த ஒரு சொல்லை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா. அம்மா ஒரே ஒரு தடவை கேட்கட்டும்.

உங்கள் லயத்துத் தங்கச்சி,
பூனாகலை சுகந்தி